நெகட்டிவ் வந்த மகளை அம்மாவின் அறைக்குள் விடலாமா?

கேள்வி: கொலுசுப்பட்டறை (குகை, சேலம்)

அனைவருக்கும் வணக்கம். சேலம் குகையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தி வருகிறேன்; கீழே பட்டறை, மேலே வீடு. என் அம்மாவுக்கு 66 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. பொருத்திய சிறுநீரகத்தை உடல் ஒதுக்கிவிடாமல் இருப்பதற்காக, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மாத்திரைகளைக் காலையும் இரவும் ஒரு வேளைகூடத் தவறாமல் சாப்பிட்டு வருகிறார்.

சென்ற ஐப்பசியில் பட்டறையில் பற்றவைக்கும் வேலை பார்க்கும் தம்பிக்குத் தொண்டை கரகரத்தது. மருந்துக்கடையில் வீட்டுப் பரிசோதனை கிட் வாங்கி அன்று மாலையே பார்த்தோம். ஒரே கோடுதான் வந்தது. நெகட்டிவ் என்று நம்பி மறுநாளும் வேலைக்கு வரச் சொன்னேன். பற்றவைக்கும்போது நெருப்பு அசையக்கூடாது என்று விசிறியை நிறுத்தி, காற்று வரும் பக்கத்துச் சன்னலையும் சாத்தி, எட்டுப் பேர் ஒரே அறையில் உட்கார்ந்திருப்போம். நான்காம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது, ஆறாம் நாள் அம்மாவுக்கு வந்தது. பதினொரு நாள் மருத்துவமனையில் இருந்து அவர் வீடு திரும்பினார். சிறுநீரகம் தப்பியது, ஆனால் என் மனம் இன்னும் ஆறவில்லை.

இப்போது ஆடித் திருவிழா. பெங்களூரு விடுதியில் தங்கிப் படிக்கும் என் மகள் கோட்டை மாரியம்மன் பொங்கலுக்காக நாளை இரவு வீட்டுக்கு வருகிறாள். அவளுடன் அறையில் இருக்கும் பெண்ணுக்கு மூன்று நாள் முன்பு ஆய்வகப் பரிசோதனையில் கொரோனா உறுதியானது. மகளுக்கு இன்று காலையிலிருந்து லேசான மூக்கொழுக்கு இருக்கிறது. கிட்டில் பார்த்துவிட்டாள், நெகட்டிவ். "நெகட்டிவ்தானே அப்பா, பாட்டியைப் பார்க்காமல் எப்படி?" என்று கேட்கிறாள். அம்மாவும் பேத்தியைப் பார்க்கத் துடிக்கிறார். போன தடவை நான் எங்கே தவறினேன், இந்த வீட்டுப் பரிசோதனையை எந்த அளவுக்கு நம்பலாம், தடுப்பூசி யாருக்கு எப்போது போட வேண்டும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: பழைய_ஆய்வகர் (அம்மாபேட்டை)

தம்பி, ஆய்வகத்தில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், கிட்டில் இருக்கும் பரிசோதனை அட்டையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மருந்து, ஊசி பற்றிச் சொல்ல இங்கே என்னைவிடத் தகுந்தவர்கள் இருக்கிறார்கள்.

வெள்ளி வேலை செய்யும் உங்களுக்கு முதலில் ஒரு செய்தி: பல கிட்டுகளில் தெரியும் அந்தச் சிவப்புக் கோடு உண்மையில் தங்கம். தங்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்துகளாக்கினால் அது மஞ்சளாக இராது, செந்நிறமாகத் தெரியும். கிருமியின் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருளை அந்தத் துகளில் ஏற்றி அட்டைக்குள் வைத்திருப்பார்கள். நீங்கள் விடும் சொட்டு பட்டையில் ஊறி மேலே ஏறும்போது, மூக்குச் சளியில் கிருமிப் புரதம் போதுமான அளவு இருந்தால், துகள்கள் அதைச் சுமந்துகொண்டு போய் 'டி' என்ற இடத்தில் சிக்கிக் குவிந்து கோடாகின்றன. 'சி' என்ற இடத்துக் கோடு, சொட்டு சரியாக ஓடியது என்பதற்கு அடையாளம் மட்டுமே. அது வராவிட்டால் அட்டையே செல்லாது.

உங்கள் கேள்விக்கு விடை 'போதுமான அளவு இருந்தால்' என்பதற்குள் இருக்கிறது. ஆய்வகத்தில் செய்யும் ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனையின் இயந்திரம் துளியளவு இருப்பதையும் பன்மடங்கு பெருக்கிக் காட்டிவிடும். அட்டை எதையும் பெருக்காது, குவிந்தால்தான் காட்டும். ஓமிக்ரான் வந்த பிறகு, முன்பே தொற்றோ தடுப்பூசியோ கண்ட உடம்புகளில், அறிகுறி தொடங்கிய முதல் நாளில் மூக்கில் கிருமி குறைவாகவும் மூன்றாம் நான்காம் நாளில் உச்சமாகவும் இருப்பதைப் பார்க்கிறோம். தொண்டை கரகரத்த அன்று மாலையே நீங்கள் பார்த்தது தவறில்லை. அதோடு நிறுத்தியதுதான் தவறு. அறிகுறி உள்ளவர் 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறையும், அறிகுறி இல்லாமல் தொற்றாளரோடு பழகியவர் அதே இடைவெளியில் மூன்று முறையும் பார்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2021 மே மாதம் முதன்முதலாக வீட்டுப் பரிசோதனைக்கு அனுமதி அளித்தபோதே, அறிகுறி உள்ளவருக்கு நெகட்டிவ் வந்தால் உடனே ஆர்.டி.பி.சி.ஆர். செய்ய வேண்டும் என்றும், பாசிட்டிவ் வந்தால் மறுபரிசோதனை தேவையில்லை என்றும் எழுதியிருந்தது. இந்த வரியை உறையின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் வருத்தம்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். உலக அளவில் ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் குழுவினரின் 2022 அறிக்கைப்படி, அறிகுறியும் தொற்றும் உள்ள 100 பேரில் இந்த அட்டைகள் சராசரியாக 73 பேரைப் பிடிக்கின்றன. அறிகுறி இல்லாதவர்களில் சுமார் 55 பேரைத்தான் பிடிக்கின்றன. தொற்றே இல்லாதவருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டுவது மிக அரிது, ஆயிரத்துக்கு நான்கு என்ற அளவுதான். இப்போது, சளி பிடித்த ஆயிரம் பேரில் பத்துப் பேருக்கு மட்டுமே கொரோனா இருக்கும் ஓர் அமைதியான காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டை ஏழு பேரைப் பிடிக்கும், மூன்று பேரை விடும். நெகட்டிவ் வந்த ஏறக்குறைய ஆயிரம் பேருக்குள் அந்த மூன்று பேர் ஒளிந்திருப்பார்கள். மாறாக, உங்கள் மகளைப் போல ஒரே அறையில் தொற்றாளருடன் படுத்து எழுந்து சளியும் பிடித்த ஆயிரம் பேரில் முந்நூறு பேருக்குத் தொற்று இருப்பதாக வைத்துக்கொண்டால், 219 பேர் பிடிபடுவார்கள், 81 பேர் தப்புவார்கள். நெகட்டிவ் வந்த 778 பேரில் 81 பேர் என்றால் பத்தில் ஒருவருக்கு மேல். முந்நூறு என்பது புரிந்துகொள்வதற்காக நான் வைத்த எண்தான். ஆனால் அட்டை ஒன்றேயானாலும், அதை யார் எந்தச் சூழலில் பார்த்தார் என்பதைப் பொறுத்து நெகட்டிவின் பொருள் இந்த அளவுக்கு மாறுகிறது. உங்கள் மகளுக்கு இன்று வந்திருப்பது அந்த இரண்டாம் வகை நெகட்டிவ்.

கைமுறையில் நடக்கும் பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். பஞ்சுக்குச்சியை மூக்கின் வாசலில் தடவி எடுப்பவர்களே அதிகம். இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் வரையோ தடை தட்டும் வரையோ உள்ளே விட்டு, ஒவ்வொரு துளையிலும் ஐந்து முறை உருட்ட வேண்டும். நன்றாக மூக்கைச் சிந்திவிட்டுத் தொடங்குங்கள். கிட்டோடு வந்த தாளில் சொல்லிய எண்ணிக்கையில் மட்டுமே சொட்டு விடுங்கள். பார்க்கச் சொன்ன நேரத்தில் பாருங்கள். பதினைந்து நிமிடம் என்று போட்டிருந்தால் பதினைந்து நிமிடம். ஒரு மணி நேரம் கழித்துக் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்து "கோடு வந்துவிட்டதே" என்று பதறுவதில் பொருளில்லை. ஆனால் உரிய நேரத்துக்குள் வந்த 'டி' கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது பாசிட்டிவ்தான். அட்டையை 30 டிகிரிக்கு மேல் வைக்கக்கூடாது என்று உறையில் எழுதியிருப்பார்கள். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் டிக்கிக்குள் பாதி நாள் கிடந்த கிட்டை நான் நம்ப மாட்டேன். வாங்கிய கடையில் அது எங்கே அடுக்கப்பட்டிருந்தது என்பதையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 2: ஆத்தூரான்

ஐயாவிடம் ஒரு சிறு சந்தேகம். தடுப்பூசி போட்டுக்கொண்ட மறுநாள் கிட்டில் பார்த்தால் பாசிட்டிவ் காட்டிவிடும் என்று எங்கள் பக்கத்தில் சொல்கிறார்களே, அது உண்மையா?

பதில் 3: பழைய_ஆய்வகர் (அம்மாபேட்டை)

இல்லை. ஊசி போடுவது கைத்தசையில், பஞ்சுக்குச்சி போவது மூக்கில். அது போக, பெரும்பாலான அட்டைகள் கிருமியின் உள்ளே இருக்கும் 'என்' புரதத்தைத் தேடுகின்றன. கோவிஷீல்டு போன்ற ஊசிகள் உடலுக்குக் கற்றுக்கொடுப்பதோ வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனைப் புரதத்தைத்தான். ஊசி போட்ட மறுநாள் இரண்டு கோடு வந்தால், ஊசிக்கு முன்பே தொற்றியிருக்கிறது என்று பொருள். விரலில் குத்தி இரத்தத்தில் பார்க்கும் எதிர்ப்பொருள் அட்டை வேறு. அதையும் இதையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டதால் வந்த பேச்சு இது.

பதில் 4: மலைச்செவிலி (ஏற்காடு)

அண்ணா, வணக்கம். ஏற்காடு மலைக் கிராமங்களில் செவிலியராக இருக்கிறேன். ஐயா அட்டையைப் பற்றிச் சொன்னதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. தடுப்பூசி பற்றி எழுதுகிறேன்.

அம்மா சாப்பிடும் மாத்திரைகளின் வேலையே எதிர்ப்பாற்றலை மட்டுப்படுத்துவதுதான். தடுப்பூசியோ அதே எதிர்ப்பாற்றலை நம்பித்தான் வேலை செய்கிறது. ஆகவே நமக்குக் கிடைக்கும் அளவு பாதுகாப்பு அவருக்குக் கிடைக்காது. அதற்காக அவருக்கு ஊசி வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது. குறைவான பாதுகாப்பும் பாதுகாப்புதான். ஆனால் உண்மையான வேலி அவரைச் சுற்றியிருக்கும் நீங்கள்தான்: நீங்கள், அண்ணி, மகள், கீழே வேலை செய்யும் எட்டுப் பேர். உங்களுக்குத் தொற்றாவிட்டால் மாடிப்படி ஏறி அவரிடம் போவதற்குக் கிருமிக்கு வழியில்லை.

பெரும்பாலோர் 2021, 2022-இல் போட்டுக்கொண்ட கொரோனா ஊசியோடு நிற்கிறார்கள். கடுமையான நோயிலிருந்து அது தரும் காப்பு நீண்ட நாள் நிற்கிறது. தொற்றையே தடுக்கும் ஆற்றல் சில மாதங்களிலேயே தேய்ந்துவிடுகிறது. "இரண்டு ஊசி போட்டும் எனக்கு வந்ததே" என்று எங்கள் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். அம்மாவுக்கு மறுபடியும் கொரோனா ஊசி வேண்டுமா என்பதை அவருடைய சிறுநீரக மருத்துவர் முடிவு செய்யட்டும்.

பலர் மறந்துவிடுவது ஃப்ளூ ஊசியைத்தான். போன ஐப்பசியில் உங்கள் வீட்டுக்கு வந்தது கொரோனாவா ஃப்ளூவா என்று நீங்கள் எழுதவில்லை. சாதாரண கொரோனா அட்டை ஃப்ளூவைக் காட்டவே காட்டாது. எந்தக் கிருமிக்கான அட்டை என்று உறையைப் படித்துப் பார்க்க வேண்டும். ஃப்ளூ கிருமி தன் தோற்றத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால், உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், ஊசியில் எந்த வகைகளைச் சேர்க்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அதனால் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டும். ஊசி அந்த ஆண்டின் கிருமியோடு நன்றாகப் பொருந்தினால், மருத்துவரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வருவதை 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கிறது. பாதுகாப்பு வரச் சுமார் இரண்டு வாரம் ஆகும் என்பதால் இந்த ஆடிக்கு இனி உதவாது. ஆனால் ஐப்பசி அடைமழையில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு இருமும் காலத்துக்கு, ஆவணி, புரட்டாசிக்குள் போட்டால் சரியாக இருக்கும். ஊசிவகை ஃப்ளூ மருந்தில் உயிருள்ள கிருமி கிடையாது, அதனால் ஃப்ளூ வராது. ஒரு நாள் கை வலிக்கும், உடம்பு சற்றே சுடும், அவ்வளவுதான். மூக்கில் விடும் உயிருள்ள வகை ஒன்று உண்டு; அது அம்மாவுக்கு ஆகாது, வீட்டாரும் ஊசியாகவே போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டறையில் எட்டுப் பேரையும் ஒரே நாளில் அழைத்துப் போங்கள் என்பது என் அனுபவம். 2021-இல் நாகலூர், செம்மநத்தம் பக்கம் கோவிஷீல்டு எடுத்துப் போகும்போது, ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து இருக்கும். திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஐஸ் பேக் வைத்த பெட்டியைத் திண்ணையில் வைத்துக்கொண்டு, பத்தாவது ஆள் காப்பித் தோட்டத்திலிருந்து வரும்வரை காத்திருப்பேன். முதலில் வருபவர் போட்டுக்கொண்டு நன்றாக இருப்பதைப் பார்த்தால்தான் மற்றவர்கள் சட்டைக் கையைச் சுருட்டுவார்கள். உங்கள் பட்டறையில் அந்த முதல் ஆளாக நீங்கள் இருங்கள்.

அம்மாவுக்கே அறிகுறி தெரிந்தால் இரண்டாம் அட்டைக்காகக் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவரை அழைத்துவிடுங்கள். ஃப்ளூவுக்கான ஒசெல்டாமிவிர் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். கொரோனாவுக்கான நிர்மட்ரெல்விர்-ரிட்டோனாவிர் ஐந்து நாளுக்குள் தொடங்க வேண்டும். ஆனால் இந்த இரண்டாவது மருந்து, மாற்றுச் சிறுநீரகம் உள்ளவர்கள் சாப்பிடும் டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் ஆபத்தான வகையில் ஏற்றிவிடும். யாரோ சொன்னார்கள் என்று கடையில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். இன்னொன்று: அட்டை நெகட்டிவ், காய்ச்சல் மட்டும் விடவில்லை என்றால் டெங்குவையும் நினைக்க வேண்டும். மலையில் புதர்க்காட்டில் வேலை செய்தவராக இருந்தால், உடம்பில் கறுத்த பொருக்கு ஏதும் இருக்கிறதா என்று உண்ணிக்காய்ச்சலுக்காக நாங்கள் தேடிப் பார்ப்போம். அட்டைக்குத் தெரிந்தது ஒரு கிருமிதான்.

பதில் 5: சேர்வராயன்_விடுதி (ஏற்காடு)

எல்லோரும் அழகாக எழுதுகிறீர்கள், நான் சற்றே கசப்பாக எழுதப் போகிறேன். ஏற்காட்டில் ஆறு அறை கொண்ட சிறிய தங்கும் விடுதி வைத்திருக்கிறேன். 2022 கோடைவிழாக் கூட்டத்தில், வருபவர்கள் எல்லோரும் வீட்டுப் பரிசோதனை நெகட்டிவ் படம் அனுப்ப வேண்டும் என்று ஒரு விதி வைத்தேன். முதல் வாரம் ஒழுங்காக வந்தது. இரண்டாம் வாரம் ஒரே மேசைவிரிப்பின் மேல் வைத்து எடுத்த ஒரே அட்டையின் படத்தை மூன்று குடும்பங்கள் அனுப்பின. இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி வந்து நிற்பவர்களைத் திருப்பி அனுப்ப எனக்கும் மனம் வரவில்லை. அட்டையை நுழைவுச் சீட்டாக்கினால் மனிதர்கள் சீட்டைத் தயாரித்துக்கொள்வார்கள்.

அதனால் விதியை எடுத்துவிட்டுச் சாப்பாட்டுக் கூடத்தின் சன்னல்களைக் கழற்றிப் பெரிதாக்கினேன். குளிருகிறது என்று திட்டுகிறார்கள், திட்டட்டும். கொலுசுப் பட்டறை அண்ணனுக்கும் அதையே சொல்வேன். தொண்டை வலி என்று சொன்னால் அன்றைய கூலி போய்விடும் என்ற நிலை இருந்தால், உங்கள் எட்டுப் பேரில் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள், நீங்கள் எத்தனை கிட் வாங்கி வைத்தாலும் சரி.

பதில் 6: கொலுசுப்பட்டறை (குகை, சேலம்)

ஒன்பது நாள் கழித்து எழுதுகிறேன். அனைவருக்கும் நன்றி.

மகள் வந்த இரவே நேராக மொட்டைமாடி அறைக்குப் போய்விட்டாள். முதல் அட்டைக்குச் சரியாக 48 மணி நேரம் கழித்து, ஐயா சொன்னபடி மூக்கைச் சிந்தி, துளைக்கு ஐந்து சுற்று எண்ணி, கைப்பேசியில் நேரம் வைத்துப் பார்த்தாள். எட்டாம் நிமிடம் வரை ஒன்றுமில்லை. பதினொன்றாம் நிமிடத்தில், மெருகு போடாத வெள்ளியில் விழும் கீறலைப் போல ஒரு கோடு தெரிந்தது. விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால்தான் கண்ணுக்குப் பட்டது. பழைய நானாக இருந்தால் 'இது கோடே இல்லை' என்று சொல்லியிருப்பேன். மறுநாள் ஆய்வகத்தில் பார்த்தோம், உறுதியானது. அவளுக்கு இரண்டு நாள் காய்ச்சலோடு போயிற்று. அம்மாவின் மருத்துவருக்கு அன்றே தகவல் சொன்னோம். அம்மாவுக்கு எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் அவர் சொன்ன இடைவெளிகளில் மூன்று முறை பார்த்தோம், மூன்றும் நெகட்டிவ், இன்றுவரை நன்றாக இருக்கிறார். திருவிழாவின் அலங்கார வண்டி ஊர்வலமான வண்டி வேடிக்கையைப் பாட்டி கீழ்ச் சன்னலிலிருந்தும் பேத்தி மாடிச் சுவரோரத்திலிருந்தும் பார்த்தார்கள். இரண்டு பேரும் கைப்பேசியில் ஒரே வண்டியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது தெருவரை கேட்டது.

போன ஐப்பசியில் வந்தது ஃப்ளூதான் என்று மருத்துவமனைச் சீட்டை எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது. செவிலியத் தங்கை கேட்ட பிறகுதான் அதைப் படிக்கவே தோன்றியது. அன்று நாங்கள் பார்த்தது கொரோனா அட்டை; இரண்டாம் முறை பார்த்திருந்தாலும் அது ஒன்றும் சொல்லியிருக்காது.

விடுதி அண்ணன் சொன்னது உறைத்தது. சளி, காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருந்தால் மூன்று நாள் கூலி உண்டு என்று பட்டறையில் சொல்லிவிட்டேன். சொன்ன மறுநாளே ஒருவர் தொண்டை வலி என்று வராமல் இருந்தார், உண்மையா என்று நான் கேட்கப் போவதில்லை. பற்றவைக்கும் மேசையைச் சுவரோரம் தள்ளி, தகரத் தடுப்பு ஒன்று வைத்ததில் நெருப்பு அசையாமல் எதிர்ச் சன்னலைத் திறந்து வைக்க முடிகிறது. ஆவணி முதல் வாரத்தில் ஃப்ளூ ஊசிக்கு ஏழு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், செலவு என்னுடையது. எட்டாமவருக்கு முட்டை சாப்பிட்டால் உடம்பெல்லாம் தடித்துப் போகுமாம். ஃப்ளூ ஊசி முட்டையில் வளர்த்துச் செய்வது என்று எங்கோ கேள்விப்பட்டு மறுக்கிறார். அவருக்கு என்ன சொல்வது, தங்கையே?

பதில் 7: மலைச்செவிலி (ஏற்காடு)

அண்ணா, முட்டை ஒவ்வாமை இருப்பவர்களும் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் இப்போது சொல்கிறார்கள். ஊசியில் இருக்கும் முட்டைப் புரதம் மிகச் சிறிதளவே. முன்பு ஃப்ளூ ஊசியே போட்டு அதனால் கடுமையான ஒவ்வாமை வந்தவர்தான் போடக்கூடாது. அவர் மருத்துவரிடம் ஒவ்வாமையை முதலிலேயே சொல்லிவிட்டு, போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கட்டும். தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் கூடப் போங்கள்.